‘பாம்பஸ்’ ஆண்டு விழா: கொண்டாட்ட ஆங்கிலம் எங்கே பழுதாகிறது, எப்படிச் சரிசெய்வது

அக்கா மகள் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஆண்டு விழா முடிந்த மறுநாள் வாட்ஸப்பில் ஒரு பக்கம் அனுப்பினாள். “மாமா, பள்ளி மலருக்கு இங்கிலீஷ் ரிப்போர்ட். பத்து நிமிஷம் பார்த்துக் கொடுங்க.”

பத்து நிமிஷத்தில் முடியவில்லை. எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் விழா ‘பாம்பஸ்’ஸாக நடந்திருந்தது. குழந்தைகள் ‘வெரி எக்ஸைட்டிங்’. தலைமையாசிரியரின் உரை ‘ஜாலி’. பெற்றோர் ‘வெரி எக்ஸ்டாட்டிக்’. வளாகம் முழுக்க ‘செலிப்ரேட்டட் மூட்’. ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் பெயரடை கோணிக்கொண்டு நின்றது.

இருபது வருஷமாக மலர், அழைப்பிதழ், கம்பெனிச் செய்திமடல் என்று அடுத்தவர் ஆங்கிலத்தைத் திருத்திச் சாப்பிடுகிறவன் நான். இந்த ஏழும் எனக்குப் பழைய முகங்கள். துக்கத்தைப் பற்றி எழுதும்போது நம்மவர்கள் இத்தனை தடுமாறுவதில்லை, சந்தோஷத்தில்தான் வழுக்குகிறது. அதனால் அவளுக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

தமிழில் ‘சந்தோஷமாக’, ‘கோலாகலமாக’, ‘கலகலப்பாக’ எல்லாம் வினையைப் பிடித்துத் தொங்குபவை. ‘கல்யாணம் சந்தோஷமாக நடந்தது.’ யாருக்குச் சந்தோஷம்? தமிழ் அதைக் கேட்பதில்லை. மாப்பிள்ளைக்கு, பெண்ணுக்கு, சமையல்காரருக்கு, எல்லாருக்கும்தான்.

ஆங்கிலப் பெயரடை ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லின் தோளில் ஏறித்தான் உட்காரும். ஆளின் தோளா, இடத்தின் தோளா, சத்தத்தின் தோளா, அந்த நாளின் தோளா என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பழகிய தோள் உண்டு. ‘எலேட்டட்’, அதாவது பூரித்துப்போன, என்பது ஆள் மேல் உட்காரும். மண்டபம் எலேட்டட் ஆகாது. ‘ஃபெஸ்டிவ்’ (விழாக்களை கொண்ட) இடத்துக்கும் காலத்துக்கும் மனநிலைக்கும் பொருந்தும்: ‘ஃபெஸ்டிவ் சீசன்’, ‘ஃபெஸ்டிவ் மூட்’. ‘மை அங்கிள் வாஸ் ஃபெஸ்டிவ்’ என்று எழுதினால் மாமாவுக்கு சீரியல் செட் கட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

வாக்கியத்தில் அந்தப் பெயரடையைச் சுழித்து, அது யாரைச் சொல்கிறது என்று ஒரு அம்பு போடுங்கள். பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: உங்கள் மகிழ்ச்சியைச் சொன்னீர்கள், கேட்டவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்

பெரும்பாலும் ‘ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங்’ என்று சொல்லியிருப்பீர்கள். ‘இங்’ கொடுக்கிற கை, ‘எட்’ வாங்குகிற கை. பட்டாசு எக்ஸைட்டிங், அதைப் பார்க்கிற பையன் எக்ஸைட்டட். தேர் த்ரில்லிங், வடம் பிடித்தவர் த்ரில்ட். ‘நான் எக்ஸைட்டிங்’ என்றால், என்னைப் பார்த்தால் உங்களுக்குப் பரபரப்பாக இருக்கும் என்று நானே விளம்பரம் செய்வதாகிவிடும்.

எல்லாச் சொல்லும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது. ‘டிலைட்டட்’ உண்டு, ஆனால் அதன் ஜோடி ‘டிலைட்ஃபுல்’. மாலைப்பொழுது டிலைட்ஃபுல், வந்தவர்கள் டிலைட்டட்.

இதே குடும்பத்தில் இன்னொரு குழி ‘செலிப்ரேட்டட்’. கொண்டாட்டம் ‘செலிப்ரேஷன்’, ஆகவே கொண்டாட்டமான மனநிலை ‘செலிப்ரேட்டட் மூட்’ என்று கை தானாகப் போகும். ஆனால் பெயரடையாக வரும்போது ‘செலிப்ரேட்டட்’ என்றால் புகழ்பெற்ற என்று அர்த்தம். புகழ்பெற்ற பாடகர், புகழ்பெற்ற ஓவியர் சரி. புகழ்பெற்ற மூட் என்ன மூட்? தேவையான சொல் ‘செலிப்ரேட்டரி’.

அறிகுறி: ‘ஜாலி’ என்று எழுதினீர்கள், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரத் துரை பேசுகிற மாதிரி இருக்கிறது

நம் ‘ஜாலி’ ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே வந்து குடியேறி, குடும்ப அட்டையே வாங்கிவிட்டது. ‘ஊட்டியில ஜாலியா இருந்துச்சு’, ‘ஜாலி டைப்’, ‘சும்மா ஜாலிக்கு’ என்று பெயராகவும் அடையாகவும் எப்படிப் போட்டாலும் நிற்கும். அந்தத் தெம்பில் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு அனுப்பினால் அதன் சொந்த ஊரிலேயே அதற்கு வேலை குறைவு. ‘தி டூர் வாஸ் ஜாலி’ என்பது இலக்கணப்படி தப்பில்லை. யாரும் இப்போது அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி குண்டுக் கன்னமும் சிரிப்புமாக இருக்கிற ஆளைச் சொல்ல இன்றும் வரும். பிரிட்டனில் ‘ஜாலி குட்’ என்றால் ‘ரொம்ப நல்லது’. அங்கே அது மிகுதியைத்தான் காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு: அங்கே ‘எ ஜாலி’ என்று பெயர்ச்சொல்லாகப் போட்டால், ஆபீஸ் செலவில் வேலை என்ற பெயரில் போய்வருகிற உல்லாசப் பயணம். நம் ஊரிலும் அந்தப் பொருளுக்கு ஒரு சொல் அவசரமாகத் தேவை.

நம் ‘ஜாலியா இருந்துச்சு’க்கு நேர் ஆங்கிலம் ‘இட் வாஸ் ஃபன்’. அதில் ‘ஃபன்’ போதும். ‘ஃபன்னி’ என்று நீட்டினால் சிரிப்பு வருகிற, அல்லது ஏதோ சந்தேகமான என்று பொருள் மாறும். ‘தி வெட்டிங் வாஸ் ஃபன்’ என்றால் ரசித்தோம். ‘தி வெட்டிங் வாஸ் ஃபன்னி’ என்றால், சம்பந்தி வீட்டார் படிக்காமல் இருக்கப் பிரார்த்தியுங்கள்.

‘ஜோவியல்’ மட்டும் நாம் சரியாகப் பிடித்திருக்கிற சொல். ‘அவர் ரொம்ப ஜோவியல்’ என்று சொல்கிறோம், ஆள் மேல்தான் போடுகிறோம், ஆங்கிலத்திலும் அதே இடம்தான். ஜோவ் என்பது ஜூபிடர், அதாவது நம் வியாழன். அந்தக் கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவர் கலகலப்பானவர் என்று ஐரோப்பிய ஜோசியர்கள் நம்பியதில் பிறந்த சொல். குரு பார்க்கக் கோடி நன்மை என்று வளர்ந்த நமக்கு அது ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

அறிகுறி: புகழ்ந்து எழுதியது திட்டு மாதிரி படிக்கிறது

இந்தப் பழுதுக்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் பொன்விழா மலரை மெய்ப்புப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ‘பாம்பஸ் செலிப்ரேஷன்’. ‘வித் பாம்ப் அண்ட் கெய்ட்டி’ (ஆடம்பரமும் குதூகலமுமாக) என்று பேப்பரில் படித்துப் பழகிய கண். ‘பாம்ப்’ ஆடம்பரம் என்றால் ‘பாம்பஸ்’ ஆடம்பரமான என்றுதானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகு, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு மலரைத் திருப்பி அனுப்பினார். குறிப்பு எதுவும் எழுதவில்லை. வட்டம் மட்டும்தான்.

‘பாம்பஸ்’ என்றால் தலைக்கனம் பிடித்த, தன்னைத்தானே பெரிதாக நினைத்துப் பேசுகிற என்று அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் ஆடம்பரமான என்ற பொருளும் இருந்தது. இப்போது அதை நம்பி இறங்க முடியாது. ஆடம்பரத்தைச் சொல்ல ‘வித் கிரேட் பாம்ப்’ என்று பெயர்ச்சொல்லிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். செலவைச் சொல்ல வேண்டுமென்றால் ‘லாவிஷ்’.

இப்படிப் பொருள் நகர்ந்துபோனவை இன்னும் உண்டு. ‘ஹிலேரியஸ்’ஸின் வேர்ச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்றுதான் பொருள், இன்று அது வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பது. வளைகாப்பு ஹிலேரியஸ்ஸாக இருந்தது என்றால் யார் வழுக்கி விழுந்தார்கள் என்று கேட்பார்கள். ‘கே’ என்ற சொல் தாத்தா காலத்துப் பாடப்புத்தகத்தில் குதூகலமான கூட்டத்துக்கு வரும். இருபதாம் நூற்றாண்டில் அது தன்பாலீர்ப்பைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டதால் பழைய பொருளில் இனி போடாதீர்கள். ‘மெர்ரி’ கிறிஸ்துமஸோடு சேர்ந்தே வாழ்கிற சொல். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேயே ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ஸும் ‘ஹேப்பி நியூ இய’ரும் இருந்தன, அன்றைய ஜோடிதான் இன்றும். கிறிஸ்துமஸை விட்டு வெளியே கொண்டுவந்து ‘அவர் கொஞ்சம் மெர்ரி’ என்றால், பிரிட்டிஷ் காதில் அவர் லேசாகப் போட்டிருக்கிறார் என்று விழும். மெர்ரி தீபாவளி வேண்டாம்.

அறிகுறி: எல்லாச் சந்தோஷமும் ஒரே சுதியில் கத்துகிறது

‘ஜுபிலன்ட்’ தொற்றுநோய் இது. தேர்வில் பாஸ் ஆனாலும் ஜுபிலன்ட், பேரன் பிறந்தாலும் ஜுபிலன்ட், கோப்பை வென்றாலும் ஜுபிலன்ட். சொல்லின் மூலம் லத்தீனில் ‘ஆனந்தமாகக் கத்துதல்’. அந்தக் கத்தல் இன்னும் சொல்லுக்குள் இருக்கிறது. கத்தாத மகிழ்ச்சிக்கு அதைப் போட்டால் படம் பொய்யாகிவிடும்.

(‘ஜூபிலி’க்கு வேர் வேறு: செம்மறிக்கடாக் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல். லேவியராகமத்தில் ஐம்பதாவது ஆண்டு அந்தக் கொம்பை ஊதித் தொடங்குவதுதான் யூபிலி. பிற்காலத்தில் லத்தீன் கத்தலும் அதோடு கலந்துகொண்டது.)

சதுரங்க வீரர் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். எதிரே ஆடிய அன்றைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறாக நகர்த்தினார், 7.5–6.5 என்று முடிந்தது. 18 வயதுப் பையன் உலக சாம்பியன். அவர் என்ன செய்தார்? அழுதார். அழுதுகொண்டே காய்களைப் பலகையில் அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கினார். இதற்கு ‘ஜுபிலன்ட் குகேஷ்’ என்று தலைப்பு போட்டால் படத்துக்கும் தலைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. ‘ஓவர்கம்’ (உணர்ச்சியில் தழுதழுத்த), ‘டியர்ஃபுல்’ (கண்ணீர் மல்கிய), அல்லது ‘எலேட்டட்’ சரி. ஜுபிலன்ட் ஆனவர்கள் செய்தி கேட்டுக் கத்திய ரசிகர்கள். ஒரே வெற்றி, இரண்டு தோள், இரண்டு சொல்.

‘எலேட்டட்’ லத்தீனில் ‘உயரத் தூக்கப்பட்ட’. 2011 ஏப்ரல் 2 இரவு, வான்கடே மைதானத்தில் சச்சினைச் சக வீரர்கள் தோளில் தூக்கி வலம் வந்தார்களே, அந்தச் சொல்லுக்கு அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ‘ட்ரயம்ஃபன்ட்’ (வெற்றிவாகை சூடிய) போட எதிரே தோற்றவர் ஒருவர் வேண்டும். அல்லது தாண்டி வந்த ஒரு தடையாவது வேண்டும். மூன்றாவது பிறந்தநாள் ட்ரயம்ஃபன்ட்டாக இருக்க முடியாது. விருந்தும் பேச்சுமான மெல்லிய மகிழ்ச்சிக்கு ‘கன்விவியல்’ இருக்கிறது. அதற்குள் லத்தீன் விருந்து ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இலை போட்டு, பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு ஊர்க்கதை பேசிச் சாப்பிட்ட மதியத்துக்கு அதுதான் பொருத்தம். நம்மவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

அறிகுறி: ‘வெரி’ போட்டும் பலம் ஏறவில்லை

‘வெரி ஹேப்பி’ சரி. ‘வெரி எக்ஸ்டாட்டிக்’ இடறுகிறது. எக்ஸ்டாட்டிக் ஏற்கெனவே ஏணியின் கடைசிப் படி. கிரேக்க மூலத்தில் ‘தன்னைவிட்டு வெளியே நிற்பது’. நம் ‘தலைகால் புரியாத’ சந்தோஷம். தமிழில் ‘மிகவும் தலைகால் புரியவில்லை’ என்போமா? அதே கதைதான். அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சொல்யூட்லி எக்ஸ்டாட்டிக்’. அதுவும் பக்கத்துக்கு ஒருமுறைதான்.

கூடவே ஒரு சின்னப் பழுது: ‘டான்ஸ்ட் லைவ்லி’. ‘லி’யில் முடிந்தால் வினையடை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததன் விளைவு. ‘லைவ்லி’ பெயரடை, ‘எ லைவ்லி டான்ஸ்’ என்று திருப்பிப் போடுங்கள்.

அறிகுறி: சத்தத்தை எழுதினீர்கள், போலீஸ் வந்த மாதிரி இருக்கிறது

‘ரவுடி’ நம் ஊரில் ஆள். ஸ்டேஷனில் அவனுக்கு ஷீட்டே இருக்கும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பெயரடை: கூச்சலும் குழப்பமுமான என்று பொருள். ‘எ ரவுடி பார்ட்டி’யில் அரிவாள் கிடையாது. இருந்தாலும் தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது நான் அதைத் தவிர்த்துவிடுவேன். ‘பாய்ஸ்டரஸ்’ பாதுகாப்பானது: கல்லூரி ஹாஸ்டல், கல்யாணத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள், இடைவேளை மணி அடித்த ஐந்தாம் வகுப்பு. சத்தம் காதைக் கிழித்து எரிச்சலூட்டினால் ‘ராக்கஸ்’. கைதட்டலுக்கு ‘தண்டரஸ்’. உற்சாகம் பொங்கும் வரவேற்புக்கு ‘ரௌசிங்’, ஆரவாரம் காதை அடைத்தால் ‘டுமல்ச்சுவஸ்’.

அறிகுறி: வாழ்த்தினீர்கள், எதிரே மௌனம்

‘ஹேப்பி குட் ஃப்ரைடே.’ வருஷா வருஷம் வரும். ‘குட்’ இருக்கிறதே, லீவும் இருக்கிறதே, வாழ்த்திவிடுவோம் என்று நினைக்கிறார்கள். அங்கே ‘குட்’டுக்குப் புனிதமான என்று பழைய பொருள், தமிழில் ‘புனித வெள்ளி’ என்று சரியாகவே வைத்திருக்கிறோம். சிலுவைப்பாட்டின் நாள் அது. ‘ஹேப்பி’யை ஞாயிறு ஈஸ்டருக்கு எடுத்து வையுங்கள். மொஹரத்தின் பத்தாம் நாளும் அப்படித்தான்: 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்து ஷியா முஸ்லிம்கள் துக்கம் காக்கும் நாள். இந்த நாட்களின் மனநிலைக்குப் பெயரடை ‘சாலம்’: சிரிப்பில்லாத, கனத்த, பயபக்தியான.

அந்த ‘சாலம்’மோடு நமக்கு வேறொரு தொடர்பு இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் திருமணம் நடத்துவதை ‘சாலம்னைஸ்’ என்றே சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘எ சாலம் வெட்டிங்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சடங்கு முறைப்படி நடந்தது என்பது வினை. பெயரடையாக மாற்றினால் மாப்பிள்ளை முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாக ஆகிவிடும்.

பக்தித் திருவிழா இன்னும் நுணுக்கம். அழகர் வைகையில் இறங்கும் நேரத்தை ‘ஃபெஸ்டிவ்’ என்று மட்டும் சொன்னால் ராட்டினமும் பஜ்ஜிக் கடையும்தான் கண்ணில் வரும். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு ‘கோவிந்தா’ என்று கத்துகிறவர்கள் ‘ஃபெர்வன்ட்’, பக்தியில் கொதிக்கிறவர்கள். சிலர் மெய்யாகவே ‘எக்ஸ்டாட்டிக்’. ஒரே ஆற்றங்கரையில் மூன்று சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனாலும் உயிரில்லை

‘தி டவுன் வோர் எ ஃபெஸ்டிவ் லுக்.’ நம் ‘திருவிழாக் கோலம் பூண்டது’வுக்கு இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் கண்டுபிடித்த இரட்டைப் பிள்ளை. பொங்கலுக்கும் போடலாம், அமைச்சர் வருகைக்கும் போடலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் காட்டுவதில்லை. ‘களைகட்டியது’வுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைப் பெயரடை தேடுகிறவர்களுக்கும் இதே பதில்: கிடையாது, தேடாதீர்கள். பெயரடையை எடுத்துவிட்டு அங்கே கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

இதைச் சொல்ல அக்கா மகளுக்குப் போன் போட்டேன். “நிஜமா என்ன நடந்துச்சு? சொல்லு.”

“பாரதியார் வேஷம் போட்ட பையனுக்கு மீசை பாதியில தொங்கிடுச்சு மாமா. ஒரு கையால மீசையப் பிடிச்சிட்டே அச்சமில்லைன்னு முழுசாச் சொல்லிட்டான். அப்புறம் குரூப் சாங் நடுவுல கரன்ட் போயிடுச்சு. பிள்ளைங்க நிறுத்தலை. மைக் இல்லாமலே பாடினாங்க. பேரன்ட்ஸ் எல்லாம் செல்போன் லைட்டக் காட்டிக்கிட்டே கைதட்டித் தாளம் போட்டாங்க.”

“இதுல ஒண்ணைக்கூட நீ எழுதலையே?”

“அது ரிப்போர்ட்டுல எழுதலாமா மாமா?”

எழுதினோம். ‘பாம்பஸ்’, ‘எக்ஸைட்டிங்’, ‘செலிப்ரேட்டட்’, இரண்டு ‘ஜுபிலன்ட்’, ‘ஃபெஸ்டிவ் லுக்’ எல்லாம் போயின. மீசை ஒரு வாக்கியம். கரன்ட் போனது மூன்று குட்டி வாக்கியம், அதில் பெயரடையே இல்லை. தலைமையாசிரியரின் உரைக்கு ‘ஜாலி’யை எடுத்துவிட்டு ‘வார்ம்’ என்று போட்டேன். அவர் நிஜமாகவே அப்படிப் பேசியிருக்கிறார். பாட்டு முடிந்து வந்த கைதட்டலுக்கு ‘தண்டரஸ்’ஸை விட்டுவைத்தேன், இருட்டில் அது இடிபோலத்தான் கேட்டிருக்கும்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “நல்லா இருக்கு மாமா. ஆனா முதல் வரியில ‘கிராண்ட் சக்ஸஸ்’ இருந்துச்சே, அதை மட்டும் திரும்பப் போட்டுக்கிறேன். ஹெச்.எம். முதல்ல அதைத்தான் தேடுவாங்க.”

‘கிராண்ட்’ மேல் எனக்குப் பெரிய பகை இல்லை. இந்திய ஆங்கிலத்தில் அதற்குப் பட்டா கொடுத்து ரொம்ப நாள் ஆகிறது. “போட்டுக்கோ” என்றேன். மலர் அச்சுக்குப் போய்விட்டது.